மலையேறிய இழுவைப் படகும் அதன் மணிகளும்

எங்கள் ஊரிலிருந்து இடுக்கி ஜில்லாவுக்குப் போக வேண்டுமானால் முதலில் கேரளத்தை விட்டு வெளியேற வேண்டும். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, நாள் முழுவதும் பஸ்ஸில் குலுங்கி, குமுளிச் சாவடி வழியாகக் கேரளத்துக்கே திரும்பி வர வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் வெளிநாட்டுப் பயணம். இந்த ஏற்பாட்டைச் செய்த மலைத்தொடருக்கு இதுவரை யாரும் மெமோ கொடுக்கவில்லை.

என் மகள் கமலா ஆனைக்கரைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறாள். மாப்பிள்ளை அங்கே தொழிற்சாலை இஞ்சினியர். ஆயுத பூஜைக்கு என்னை அழைக்க வந்தவர், கூச்சத்தோடு ஒரு தூண்டிலையும் போட்டார். "மாமா, எங்க ஏரியில அந்தக் காலத்து நீராவிப் படகு ஒண்ணைப் பத்திரமா வெச்சிருக்காங்க. பாய்லர் இன்னும் ஓடுது. நீங்க ஒருக்கா பாக்கோணுமுங்க."

நான் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மில்களிலும் அரிசி ஆலைகளிலும் கொதிகலன்களைத் தட்டிப் பார்த்தே தலை நரைத்தவன். ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வந்த ஒரே பாய்லர் அழைப்பு இதுதான். தூண்டிலைக் கவ்விவிட்டேன்.

என் மனைவி பார்வதி மாடுகளை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டு, மகளுக்காக எங்கள் வயல் அரிசியில் ஒரு பை கட்டிக் கொடுத்தாள். அந்தப் பைதான் முதல் நாளின் கதாநாயகன்.

மலையடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கிய பஸ், பாதி வழியில் பெருமூச்சு விட்டு நின்றது. ரேடியேட்டர் கொதிக்கிறது. டிரைவர் இறங்கி, சாக்கைச் சுற்றி மூடியைத் திருகினார். தண்ணீர் ஊற்றினார். மூடியைத் திரும்பப் போட்டு, அதன்மேல் ஒரு கல்லை வைத்துக் கயிற்றால் கட்டினார்.

"என்னங்க இது, மூடி மேல கல்லு?" என்றேன்.

"சும்மா தூக்கித் தூக்கி அடிக்குது சார். கல்ல வச்சா கம்முனு கெடக்கும்" என்றார் டிரைவர்.

கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைக் கல் வைத்து அழுத்துவது பற்றி நான் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பின் சீட்டுக்காரர் ஒருவர், "பெருசு இறங்கி நடந்து வரட்டும்யா" என்றார். பஸ் புறப்பட்டது. நான் கடைசி வரிசைக்கு இடம் மாறினேன்.

குமுளிச் சாவடியில் ஓர் அதிகாரி என் பையைத் தடவினார். அவர் பேசியது மலையாளம். பேச்சு இப்படிப் போனது.

"எங்கே விளைந்த அரிசி?"

"கேரளத்தில்."

"எங்கே போகிறது?"

"கேரளத்துக்கு."

"பிறகு ஏன் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது?"

பூகோளத்தை விளக்கினேன். அவர் நம்பவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கடத்தக் கூடாது என்ற விதியை அவர் சொல்ல, அந்த விதி எதற்கு, யாருக்கு, எந்த அளவுக்கு மேல் என்று நான் சொல்ல, எங்கள் விவாதம் உயர்ந்த தரத்தில் நடந்தது. அதற்குள் இடுப்பிலும் முதுகிலும் அரிசி மூட்டை கட்டிய பெண்கள் ஒரு வரிசையாக எங்களைக் கடந்து கேரளத்துக்குள் போய்விட்டார்கள். கடைசியில் அவர் அலுத்துப்போய் என்னையும் விட்டார்.

கடைவீதியில் கப்பக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளியும் மீன் குழம்பும் கிடைத்தன. குழம்பின் சிவப்பைப் பார்த்துப் பயந்தேன். தின்ற பிறகு இன்னொரு தட்டு கேட்டேன். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல அதிர்ச்சி அதுதான். மாப்பிள்ளை ஜீப்போடு வந்து அழைத்துப் போனார்.

மறுநாள் காலை, ஆயுத பூஜை. மூடுபனி விலகியதும் ஏரிக்குப் போனோம். ஏரி என்றால் நம் பக்கத்து ஏரி அல்ல. மலைப் பள்ளத்தாக்கின் குறுக்கே தோட்டக்காரர்கள் அணை கட்டி நிரப்பிய தண்ணீர். வளைந்து வளைந்து கண்ணுக்கு எட்டாத தூரம் போகிறது. கரையை ஒட்டித் தண்ணீரின் மேல் தகரக் கொட்டகை. அதற்குள் படகு.

பார்த்ததும் நின்றுவிட்டேன். குட்டையான, அகன்ற, கறுப்பும் சிவப்புமான இழுவைப் படகு. நடுவில் நெட்டைப் புகைபோக்கி, அதன் காலடியில் பாய்லர். கடல் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள், மேகத்துக்குப் பக்கத்தில் மிதக்கிறது. தொழிலாளர்கள் இதைப் பொகைக்கப்பல் என்கிறார்கள்.

இதைத் துண்டு துண்டாக மாட்டு வண்டியில் மலையேற்றி, இந்தக் கரையிலேயே ரிவெட் அடித்துச் சேர்த்தார்களாம். சாலை இல்லாத காலத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றிய பாரப்படகுகளை அக்கரையிலிருந்து இழுத்து வந்தது இதுதான். திரும்பும்போது அரிசி, மண்ணெண்ணெய், தபால். விறகுக் கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி இழுத்திருக்கிறது. பிரசவ வலியெடுத்த பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறது. சிலரைத் துணி போர்த்தித் திரும்பக் கொண்டு போயிருக்கிறது. பிறகு அக்கரைக்குச் சாலை வந்தது, லாரி வந்தது. படகைப் பழைய இரும்புக்கு விற்க நிர்வாகம் ஆள் கூட்டி வந்தது. வந்தவர், உடைத்து மலையிறக்கும் கூலிக்கு இரும்பு தாங்காது என்று திரும்பிப் போனார். நம் நாட்டில் பல புராதனச் சின்னங்கள் இந்த முறையில்தான் காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை, விஜயதசமியன்று மட்டும், படகு ஓடுகிறது. தோட்டத்து மாரியம்மனைப் பாரப்படகில் வைத்து, ஜனங்களையும் ஏற்றி, அக்கரைக்கு இழுத்துப் போய்த் திரும்புகிறது.

படகின் டிரைவர் மாரியப்பன் எண்ணெய்த் துணியோடு எதிரே வந்தார். இவருக்கு முன் இவருடைய அப்பா ஓட்டியிருக்கிறார். "வாங்கய்யா. பெரிய பெரிய பாய்லரெல்லாம் பாத்தவுக. நம்ம கப்பலுக்கும் ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்க."

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றேன். மெய்தான். பித்தளை பளபளத்தது. வருடா வருடம் அடித்த வர்ணம் தோசை கனத்துக்கு ஏறியிருந்தது.

"இது சாதாரணக் கப்பல் இல்லய்யா" என்றார் மாரியப்பன். "வயசாக வயசாகப் பலம் கூடுது. எங்கப்பா ஓட்டுன காலத்துல ஒரு பாரப்படக இழுக்கவே மொனங்கும். இப்பம் ரெண்டக் கட்டுனாலும் பறக்கு. எல்லாம் ஆத்தா செயல்."

வயதாகப் பலம் கூடும் பாய்லரை நான் என் சர்வீஸில் கண்டதில்லை. பாய்லரும் மனிதரைப் போலத்தான். தகடு தேயும், தாங்கும் சக்தி குறையும், இன்ஸ்பெக்டர் வருடா வருடம் அனுமதி அழுத்தத்தைக் குறைப்பார். சந்தேகத்தோடு மேலே ஏறினேன்.

பாய்லரின் உச்சியில் சேஃப்டி வால்வு. பழைய மாதிரி. எளிமையான ஏற்பாடுதான்: ஆவி வெளியேற ஒரு துவாரம், அதை அடைக்க ஒரு மூடி, மூடியை அழுத்த மேலே படுக்கை வசத்தில் ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் ஒரு முனை கீலில் மாட்டியிருக்கும். மறுமுனையில் ஓர் இரும்புக் குண்டு தொங்கும். உள்ளே ஆவி எல்லை மீறினால், குண்டையும் கம்பியையும் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். குண்டின் எடை அளந்து வைத்தது. அதற்குமேல் ஒரு பலாக்கொட்டை எடை சேர்த்தாலும் குற்றம்.

அந்தக் கம்பியில் குண்டுக்குப் பக்கத்தில் மணிகள் தொங்கின.

வெண்கல மணிகள். சின்னதும் பெரிதுமாக, திராட்சைக் குலை போல, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. நாக்கு அசையக்கூட இடமில்லை. சிலவற்றில் வர்ணம், சிலவற்றில் சந்தனம். கீழே அழுத்தமானி, அதன் கண்ணாடி முழுக்கக் குங்குமம்.

"இதென்னுங்க?" என்றேன்.

"நேந்துக்கிட்ட மணிய்யா. பிள்ள வரம், சீக்கு, வழக்கு, எதுக்கு நேந்தாலும் இங்கனதான் கட்டுவாக. கோயில்ல மணி கட்டுத கம்பி மாதியே வாகா நீட்டிக்கிட்டு இருக்குல்லா? எங்கப்பா காலத்துலயே ஆரம்பிச்சது."

"இந்த வால்வு எப்பவாவது ஆவியை வெளிய விட்டுருக்குதுங்களா?"

மாரியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் கைல எடுத்த நாள்லருந்து ஒரு பொட்டு ஆவி வீணானதில்ல."

ஒவ்வொரு மணியும் அந்த மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கிறது. மூடி திறக்காததால் ஆவி இன்னும் ஏறியிருக்கிறது. ஆவி ஏறியதால் படகு இன்னும் வேகமாகப் பறந்திருக்கிறது. ஆத்தா செயல்தான், இன்றுவரை வெடிக்காமல் இருந்தது. கண்ணாடியைத் துண்டால் துடைத்தேன். ஆவி இதற்கு மேல் ஏறக் கூடாது என்று பாய்லர் செய்த கம்பெனி போட்ட சிவப்புக் கோடு தெரிந்தது. போன வருடம் முள் எங்கே நின்றது என்று கேட்டேன். மாரியப்பன் கோட்டைத் தாண்டி, வெகுதூரம் தாண்டி, ஒரு குங்குமப் பொட்டின்மேல் விரலை வைத்தார். முள் ஏற ஏறப் பொட்டையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

"நாளைக்கு இது ஓடக் கூடாது" என்றேன்.

மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. மேனேஜர் விடுமுறைக்குக் கொச்சி போயிருந்தார். என்னிடமோ அதிகாரம் இல்லை. ஓய்வு பெறாமல் இருந்தாலும் இருந்திருக்காது: பாய்லர் சட்டத்தில் படகு பாய்லருக்கு இடமே கிடையாது. அது வேறு இலாகா. அந்த இலாகா கடற்கரையில் இருக்கிறது. மலைமேல் படகு உண்டு என்று சொன்னால் சொன்னவனைத்தான் சோதிப்பார்கள்.

குறைந்தது மணிகளையாவது அவிழ்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"கைய எடுங்கய்யா!"

கரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள். அவள் பின்னால், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அவள் மகள் செல்வி. குலையிலேயே பெரிய மணி பேச்சியம்மாள் கட்டியது என்று மாரியப்பன் என் காதில் சொன்னார்.

"எம்மவளுக்கு மூணு தடவ வயித்துல தங்கல" என்றாள் பேச்சியம்மாள். "போன வருசம் மணி கட்டுனேன். இந்தா, ஏழு மாசம். பிள்ள மண்ணுல விழுந்து அழுத பெறகுதான் அத அவுப்பேன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருக்கேன். அதுக்கு முன்ன யாரு தொட்டாலும் எனக்கு ஆபீசர் கீபீசர் தெரியாது."

"நாளைக்கு உங்க பொண்ணு எங்கீங்க உக்காருவாங்க?"

"மணி கட்டுனவுக கப்பல்லயேதான் வரணும். மணிக்குக் கீழ."

மணிக்குக் கீழே என்றால் பாய்லரை ஒட்டி. என் உத்தியோக பாஷை எதுவும் இங்கே செல்லாது என்று தெரிந்தது.

"அம்மா, இட்லிப் பானை மூடி மேல அம்மிக்கல்லைத் தூக்கி வெச்சுட்டு அடுப்பை எரிச்சா என்னாகுமுங்க?"

"எவ வைப்பா அப்பிடி? வெடிச்சு மூஞ்சில அடிச்சிரும்லா."

"இதுதானுங்க அந்த மூடி. நீங்க எல்லாருமாக் கட்டுன மணிதானுங்க அந்தக் கல்லு."

அவள் கம்பியைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். செல்வியை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குப் புரிந்த வேகம்தான் என்னை உலுக்கியது.

"அப்பம் எம்பிள்ளையக் காப்பாத்தக் கட்டுன மணியே அவளக் கொல்லப் போவுதுங்கீக."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவுத்தா ஆத்தா கேப்பா. அவுக்காட்டா வெடிக்கும்" என்றாள். பிறகு கோபம் வந்தது. "பாரம் பாரம்னு எம்மணியவே சொல்லுதீகளே, அந்தக் குண்டு மட்டும் என்ன, பஞ்சா?"

அவள் கேட்டது குத்தலுக்கு. ஆனால் நான் குண்டைத் திரும்பிப் பார்த்தேன். எடை கூட்டாதே என்று எல்லா விதியும் சொல்கிறது. கம்பெனி வைத்த குண்டைக் கழற்று என்று எந்த விதியும் சொல்லவில்லை. கழற்றாதே என்றும் யாரும் எழுதவில்லை. அப்படி ஒரு பைத்தியக்காரன் வருவான் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

குண்டை யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. அதைக் கழற்றினால் எந்தத் தெய்வமும் கேட்காது. மணிகளே குண்டின் வேலையைச் செய்யட்டும்.

மீதிப் பகல் அதில் போனது. கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவரச் செய்து, குண்டைக் கழற்றி எடை பார்த்தேன். மணிகளை அவிழ்க்காமல், ஒவ்வொன்றாகத் தராசுக் கொக்கியில் தாங்கிப் பிடித்து நிறுத்தோம். பேச்சியம்மாள் பக்கத்திலேயே நின்று முடிச்சுகளைக் காவல் காத்தாள். குண்டு போன பிறகும் எடை கொஞ்சம் மிஞ்சியது. கம்பியின் நுனியில் தொங்கும் எடைதான் அதிகம் அழுத்தும். ஆகவே மணிகளைக் கீல் பக்கமாக, அதாவது பின்னால் அம்மனின் பாரப்படகு வரும் பக்கமாக, நகர்த்தி, இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தினோம். "மூத்த மணிங்க அம்மனுக்குக் கிட்டப் போகோணும்" என்று ஒரு காரணம் சொன்னேன். சீனியாரிட்டியை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கீல் அசையவே இல்லை. வர்ணம் அடித்து அடித்து அதையும் சேர்த்தே பத்திரப்படுத்தியிருந்தார்கள். மண்ணெண்ணெயும் உளியுமாக அதைச் சுரண்டி எடுத்தோம்.

விஜயதசமி காலை. அம்மன் பாரப்படகில் ஏறுவதற்கு முன்னால் கரையிலேயே சோதனை நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஜனங்களை மேட்டுக்கு விரட்டினேன். படகில் நானும் மாரியப்பனும் மட்டும். அவர் விறகைத் தள்ளினார். முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நெருங்கியது.

"இதுக்கு மேலதான்யா அவளுக்கு வேகமே வரும்" என்றார் மாரியப்பன் வருத்தமாக.

முள் கோட்டைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. தப்புக் கணக்கா என்று நினைத்தேன். மேட்டில் செல்வியின் புடவை தெரிந்தது. முள் கோட்டின் மேலேயே நின்றது.

வால்வு திறந்தது. மலையே கிழிந்தது போல ஒரு சீறல்; வெள்ளை ஆவி கொட்டகைக் கூரையை முட்டியது. கம்பி துள்ளியது. நெருக்கம் விட்ட மணிகள் அத்தனையும் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. திரும்பிப் பார்த்தேன், மாரியப்பனைக் காணோம். ஏரியில் குதித்திருந்தார். இத்தனை வருடம் ஓட்டியவர் வால்வு திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஜனங்கள் ஓடுவார்கள் என்று நினைத்தேன். ஓடினார்கள், மேட்டிலிருந்து படகை நோக்கி. பெண்கள் குலவையிட்டார்கள். பேச்சியம்மாள் சகதியில் விழுந்து கும்பிட்டாள். "கேட்டுட்டா! எம்மணி அடிக்கு, ஏ செல்வி, நம்ம மணி அடிக்குட்டி!" செல்வி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

அம்மன் அக்கரைக்குப் போனாள், ஒற்றைப் பாரப்படகில், எருமை நடையில். வழியில் வால்வு இரண்டொரு முறை திறக்க, ஒவ்வொரு முறையும் குலவை. அக்கரையில் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் தேயிலைத்தூள் தாராளமாகப் போட்ட, பால் சேராத கட்டஞ்சாயாவும். நான் மூன்றையும் மறுக்கவில்லை. ஈரம் காயாத மாரியப்பன் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பலத்தையெல்லாம் பிடுங்கிட்டீகளேய்யா" என்றார்.

ஊர் திரும்பும் காலையில் ஏரியைக் கடைசியாகப் பார்க்கப் போனேன். கழற்றிப் போட்ட இரும்புக் குண்டு கரையில், ஒரு மரத்தடியில், கல்மேல் ஏறியிருந்தது. திருநீறு, சந்தனம், செவ்வந்தி மாலை. முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர், கையில் புது மணிகளோடு. மணி தானாக அடித்த செய்தி மற்ற தோட்டங்களுக்கும் போய்விட்டது.

"இதையெல்லாம் எங்கன கட்டய்யா?" என்றார் மாரியப்பன். கண் படகுக் கம்பியின்மேல் இருந்தது.

எந்தச் சட்டத்திலும் இல்லாத ஓர் உத்தரவை அன்றுதான் முதன்முதலாகப் பிறப்பித்தேன். "கம்பியில இனி ஒரு மணி கூடாதுங்க. புதுசா நேர்ந்தவங்க குண்டுச்சாமிக்கே கட்டட்டும். இத்தனை வருசமாப் பாரம் தாங்குனவரு அவருதானுங்க."

கூட்டம் அதை ஏற்றது. பேச்சியம்மாள் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆபீசரய்யா பொழச்சுக்கிடுவாக" என்றாள். ஜீப்பில் ஏறும்போது எனக்கு என்மேல் மிகுந்த திருப்தி இருந்தது.

அந்தத் திருப்தி பொங்கல் வரை நீடித்தது. கமலாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். செல்விக்கு மார்கழியில் பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். பேச்சியம்மாள் சொன்னபடியே தன் மணியை அவிழ்த்துவிட்டாளாம்.

"அவுத்து எங்க வெச்சாங்க?" என்றேன்.

"குண்டுச்சாமிக்கே கட்டிட்டாங்க மாமா. அதைப் பாத்து வேண்டுதல் பலிச்சவங்க எல்லாரும் அவுத்துக் கொண்டுபோய் அங்கயே கட்டிட்டாங்க. படகுக் கம்பியில இப்போ ரெண்டே ரெண்டு மணிதானுங்க."

சிரித்தேன். "அப்ப லேசா ஆவி வந்தாலே திறந்துக்குமே. படகு நகருமுங்களா?"

"நகரலீங்க மாமா. மாரியப்பன் வெள்ளோட்டம் விட்டுப் பாத்திருக்காரு. அதுக்கு அவரே ஒரு வழி கண்டுபுடிச்சிட்டாரு. தைப்பூசத்தன்னைக்கு மேளதாளத்தோட குண்டைத் தூக்கிப் பழைய இடத்துலயே மாட்டப் போறாங்க. அது கம்பெனி போட்ட எடைதானுங்களே, சரிதானுங்களே?"

என் கையிலிருந்த கரும்பு கீழே விழுந்தது. "குண்டுல கட்டுன மணிங்க?"

"அதெப்படிங்க மாமா அவுப்பாங்க? சாமிக்குக் கட்டுனதாச்சே. அதோட சேர்த்துத்தான் மாட்டுறாங்க."

பார்வதியைக் கூப்பிட்டு, என் பையை எடுத்து வைக்கச் சொன்னேன். அரிசி வேண்டாம் என்றும் சொன்னேன். சாவடியில் நிற்க இந்த முறை எனக்கு நேரமில்லை.